மனு உன் கையெழுத்தில் இருக்கட்டும்

தம்பி, தங்கையே! இது உனக்காக எழுதுவது. உன் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் பேசவேண்டியது தனியாக இருக்கிறது, அதற்கும் வருகிறேன். முதலில் நீ கேள்.

"சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?" நடை பழகிய நாளிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு, உனக்கு ஒன்றும் தெரியாது என்று நீயே நம்பத் தொடங்கிவிட்டாய். உனக்கு என்ன தெரியும் என்று நான் சொல்லட்டுமா? பள்ளிக்கூடக் கழிப்பறையில் எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று உனக்குத் தெரியும். தோழி ஒருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டால்தான் உள்ளே போக முடியும் என்பதும், அதற்குப் பயந்தே பெண்பிள்ளைகள் பலர் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை என்பதும் உனக்குத் தெரியும். சீருடையைக் கண்டதும் எந்தப் பேருந்து நிற்காமல் போகிறது, மழை பெய்தால் வகுப்பறையின் எந்த மூலை ஒழுகும், மதுக்கடை வாசலைத் தாண்டும்போது உன் அக்கா ஏன் நடையை எட்டிப்போடுகிறாள், எல்லாம் உனக்குத் தெரியும். மாவட்ட ஆட்சியருக்குத் தெரியாது. அமைச்சருக்குத் தெரியாது. அவர்கள் மேசைக்குப் போகும் அறிக்கையில் "கழிப்பறை வசதி: உண்டு" என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். அந்தத் தாழ்ப்பாளைப் பற்றிப் பேச உன்னைவிடத் தகுதியான ஆள் இந்த நாட்டில் யார் இருக்கிறார்?

அப்புறம் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்?

தெலங்கானாவில் ரங்காரெட்டி மாவட்டத்தில் சீதேடு என்று ஓர் ஊர். கொரோனாக் காலத்தில் நிறுத்திய அரசுப் பேருந்து, பள்ளிகள் திறந்த பிறகும் அந்த ஊர்ப்பக்கம் திரும்பவில்லை. ஊரில் பெரியவர்கள் இல்லாமலா இருந்தார்கள்? இருந்தார்கள். ஆனால் 2021இல் பேனாவை எடுத்தது எட்டாம் வகுப்பு படித்த ஒரு பெண். அவள் எழுதியது டிப்போ மேலாளருக்கு இல்லை. இந்தியாவின் தலைமை நீதிபதி என்.வி.ரமணாவுக்கு எழுதினாள். பேருந்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்று படித்தவர்கள் கேட்பார்கள். அவள் கேட்கவில்லை. தன் அப்பா கொரோனாவின் முதல் அலைக் காலத்தில் மாரடைப்பில் இறந்துவிட்டதையும், அம்மாவின் சொற்ப வருமானத்தையும், தானும் உடன்பிறந்தவர்களும் பள்ளிக்குப் போய்வர ஆட்டோவுக்குக் கொடுக்கக் கையில் காசில்லாததையும் எழுதினாள். தலைமை நீதிபதி அதை மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் மேலாண்மை இயக்குநர் சஜ்ஜனாரின் பார்வைக்குக் கொண்டுபோனார். பேருந்து மறுபடி ஓடியது. பிள்ளைகளின் கல்வி உரிமையை நினைவூட்டியதற்காகக் கழகம் தலைமை நீதிபதிக்கு நன்றி சொன்னது.

அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று கவனி. "கிராமப்புறப் போக்குவரத்து மேம்பாடு" என்ற பெரிய வார்த்தைகள் அவளுக்குத் தேவைப்படவில்லை. தன் வீட்டில் இருந்ததை இருந்தபடி எழுதினாள். அப்பா இல்லை, காசில்லை, பஸ் இல்லை, பள்ளி போக வேண்டும். இந்த நான்கையும் மறுத்துப் பேச எந்த அதிகாரிக்கு வாய் வரும்?

கண்ணகியை நினைத்துப் பார். வெறும் கண்ணீரோடா பாண்டியன் அவைக்குப் போனாள்? கையில் ஒற்றைச் சிலம்போடு போனாள். தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்று தெரிந்துகொண்டு போனாள். அதனால்தான் அவளால் நிமிர்ந்து நிற்க முடிந்தது. தன்னம்பிக்கை என்று ஊரெல்லாம் கத்துகிறார்களே, கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" என்று நூறு தடவை சொல்லச் சொல்கிறார்களே, அதெல்லாம் ஆட்சியர் அலுவலக வாசல்வரைகூட வராது. கையில் சிலம்பு இருந்தால் முழங்கால் நடுங்காது. உன் சிலம்பு எது என்று கண்டுபிடி. அது உன் கண்ணெதிரேதான் கிடக்கிறது.

2018 டிசம்பரில் ஆம்பூரில் ஒரு சிறுமி காவல் நிலையத்துக்குப் போனாள். வயது ஏழு. யார்மீது புகார் தெரியுமா? பெற்ற அப்பாமீது. வகுப்பில் முதலாவதாக வந்தால் வீட்டில் கழிப்பறை கட்டித் தருகிறேன் என்று சொன்னார், நான் எல்.கே.ஜி.யிலிருந்து முதலாவதாகத்தான் வருகிறேன், இன்னும் கட்டவில்லை, இது ஏமாற்று வேலை என்று எழுதிக் கொடுத்தாள். திறந்தவெளிக்குப் போக அவளுக்கு அவமானமாக இருந்தது. பை நிறையச் சான்றிதழ்களையும் பதக்கங்களையும் கொண்டுபோய்க் காவல் அதிகாரியின் மேசைமேல் வரிசையாக அடுக்கினாள். தான் முதலாவதாக வந்ததற்குச் சாட்சி! அதோடு நிறுத்தினாளா? அப்பாவைக் கைது செய்யுங்கள், இல்லையென்றால் எப்போது கட்டித் தருவார் என்று எழுதியாவது வாங்கிக் கொடுங்கள் என்றாள். எப்போது என்று எழுதி வாங்கு! நாற்பது வருடம் சங்கம் நடத்தியவர்களே சில நேரம் மறந்துபோகிற கேள்வி இது. அந்த அப்பா கெட்டவர் இல்லை. கட்ட ஆரம்பித்துப் பணமில்லாமல் நின்றவர். அதனால்தான் விஷயம் மாவட்ட நிர்வாகத்தின் காதுக்குப் போனதும், கழிப்பறை கட்ட உதவி வந்தது. அந்தச் சிறுமியையே ஆம்பூர் நகராட்சி தூய்மைத் திட்டத்தின் தூதுவர் ஆக்கியது.

உன் பள்ளித் தமிழ்ப் பாடத்தில் கடிதம் எழுதப் பழக்கியிருக்கிறார்கள். "உங்கள் தெருவில் பழுதடைந்த மின்விளக்குகளைச் சரிசெய்ய வேண்டி மின்வாரிய அலுவலருக்குக் கடிதம் எழுதுக." அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, வணக்கம், இப்படிக்கு என்று மளமளவென்று எழுதிவிடுவாய். கடைசியில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு உறைமேல் முகவரியும் எழுதுவாய், அதற்குத் தனி மதிப்பெண். அந்தக் கட்டத்தை ஒருநாளாவது உண்மையான உறையாக்கி அஞ்சல் பெட்டியில் போட்டதுண்டா? தெருவிளக்கு எரியாத தெருவில் நடந்துபோய், தெருவிளக்கைப் பற்றிக் கடிதம் எழுதி மதிப்பெண் வாங்கி, மறுபடி அதே இருட்டில் நடந்து வீட்டுக்கு வருகிறாய். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு தலைமுறைக்கே மனு எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டு, அதை மட்டும் யாரும் அனுப்பிவிடாதபடி பார்த்துக்கொள்ளும் படிப்பு என்ன படிப்பு?

சரி, உட்கார். இப்போதே எழுதுவோம். தேர்வுக்கு எழுதுகிற மாதிரி, "எங்கள் பள்ளியில் அடிப்படை வசதிகள் இல்லாமல் மாணவர்கள் பெரிதும் அல்லல்படுகின்றனர், எனவே தாங்கள் ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஆரம்பித்தாயோ, கிழித்துப் போடு. இதைப் படிக்கிற எழுத்தர் "தக்க நடவடிக்கைக்கு" என்று ஒரு குறிப்பெழுதி அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவார். அவரைக் குறை சொல்லாதே, அவர் பிடித்துக்கொள்ள நீ எதையும் கொடுக்கவில்லை.

இப்படி எழுதினாய் என்று வைத்துக்கொள்: "எங்கள் பள்ளியில் 112 பெண்பிள்ளைகள் படிக்கிறோம். கழிப்பறை நான்கு. இரண்டில் தாழ்ப்பாள் இல்லை. ஒன்றில் குழாய் ஜூன் மாதம் உடைந்தது, இன்னும் மாற்றவில்லை. மீதி ஒன்று ஆசிரியைகளுக்கு. இடைவேளை பத்து நிமிடம். என் வகுப்பில் ஏழு பேர் மதியம்வரை தண்ணீர் குடிப்பதில்லை, நானும் ஒருத்தி. அரையாண்டுத் தேர்வுக்கு முன் இரண்டு தாழ்ப்பாளும் ஒரு குழாயும் மாற்றித் தர வேண்டும்." இதைத் தக்க நடவடிக்கைக்கு என்று தள்ள முடியாது. என்ன குறை, எத்தனை பேருக்கு, எப்போதிலிருந்து, என்ன வேண்டும், எந்த நாளுக்குள் வேண்டும், எல்லாம் அதில் இருக்கிறது. எண்ணிப் பார்த்து எழுது. கூட்டிச் சொல்லாதே. 112ஐ 200 ஆக்கினால், ஆய்வுக்கு வருகிறவர் அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லா உண்மையையும் கீழே போட்டுவிடுவார்.

இன்னொன்று. கும்பிட்டுக் கெஞ்சாதே. மரியாதையாக எழுது, ஐயா என்று எழுது, அம்மா என்று எழுது, ஆனால் பிச்சை கேட்கிற தொனி வேண்டாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும், பாதுகாப்பான குடிநீர் வேண்டும், விளையாடும் இடம் வேண்டும் என்று தன் அட்டவணையிலேயே சொல்லியிருக்கிறது. நாடாளுமன்றம் உனக்குத் தந்துவிட்டதைத்தான் நீ கேட்கிறாய்.

எழுதவே வராத சின்னப் பிள்ளை என்ன செய்வது? பேசட்டும். 2021 மே மாதக் கடைசியில் காஷ்மீரில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, காலை பத்து மணிக்கு ஆரம்பிக்கிற ஆன்லைன் வகுப்பு இரண்டு மணிவரை நீள்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு வேலை என்று பிரதமரைப் பார்த்துக் காணொளியில் கேட்டாள். துணைநிலை ஆளுநர் மனோஜ் சின்ஹா, 48 மணி நேரத்துக்குள் கொள்கை வகுக்கும்படி கல்வித் துறைக்குச் சொன்னார். மழலையர் வகுப்புக்கு நாளுக்கு அரை மணி, எட்டாம் வகுப்புவரை அதிகபட்சம் ஒன்றரை மணி என்று ஆணை வந்தது. நாடு முழுவதும் கோடிக்கணக்கான பெற்றோர் தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்த விஷயம் அது!

2023 ஏப்ரலில் அதே ஜம்மு காஷ்மீரில் கதுவா மாவட்டத்துச் சிறுமி ஒருத்தி செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு தன் பள்ளியைச் சுற்றிக் காட்டினாள். முடியாமல் நிற்கிற கட்டடம், பெஞ்சு இல்லாத அறை, அழுக்குத் தரை, கழிப்பறை இருக்கிற லட்சணம். தரையில் உட்கார்ந்து சீருடை அழுக்காகிறது, அம்மா திட்டுகிறார், நல்ல பள்ளிக்கூடம் கட்டிக் கொடுங்கள் என்று பிரதமரிடம் சொன்னாள். சில நாட்களில் கல்வித் துறை இயக்குநரே அந்தப் பள்ளிக்கு வந்து நின்றார், வேலை தொடங்கியது. அவள் கையில் இருந்த சிலம்பு அந்த அழுக்குச் சீருடை. எந்த வல்லுநர் குழுவும் தன் அறிக்கையில் அம்மாவின் திட்டைச் சேர்த்திருக்காது.

காமராஜர் கதை உனக்குத் தெரிந்ததுதான். மாடு மேய்த்த பையனிடம் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று அவர் கேட்க, போனால் சோறு கிடைக்குமா என்று அவன் திருப்பிக் கேட்டான் என்று தமிழ்நாட்டில் காலம்காலமாகச் சொல்கிறார்கள். நடந்தது அப்படியேதானா என்பதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். 1956இல் அவர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார் என்பது வரலாறு. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்தப் பையன்தான். மேடைகளில் காமராஜரின் கருணையைப் புகழ்கிறவர்கள் அவனை மறந்துவிடுகிறார்கள். முதலமைச்சர் கேள்வி கேட்டதும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்காமல், தன் வயிற்றின் உண்மையைச் சொன்னானே, அந்தத் துணிச்சலுக்கு யார் சிலை வைத்தார்கள்?

உன் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. பள்ளியின் குறையை வெளியே சொன்னால் "ஸ்கூல் பேரைக் கெடுத்துட்டியே" என்பார்கள். டி.சி. கொடுத்துவிடுவோம் என்று மிரட்டுவார்கள். ஊரில் ஒதுக்கப்பட்ட தெருவில் பிறந்திருந்தால் இந்தப் பயம் இரட்டிப்பு. வாய் திறந்தால் அப்பாவின் கூலி வேலைக்கு வேட்டு வைத்துவிடுவார்களோ என்றுகூட நினைக்க வேண்டியிருக்கும். இந்தப் பயத்தை ஒரு பேச்சில் துடைத்துவிட முடியும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதே பயத்தோடு பேசியவர்கள் இருக்கிறார்கள். 2022இல் ஆவடியில் நரிக்குறவர் சமூகத்துப் பள்ளி மாணவிகள், தங்களை மற்றவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று ஊடகத்தில் மனம்விட்டுச் சொன்னார்கள். முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அவர்களை அழைத்துப் பேசினார். எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்றார்கள் பிள்ளைகள். ஏப்ரலில் அவர் ஆவடிக்குப் போய் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அந்த மசோதா பல பத்தாண்டுப் போராட்டத்தின் பலன், பிள்ளைகள் பேசியதால் மட்டும் வந்துவிடவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தலை குனிந்து நடந்த தெருவிலிருந்து, ஒரு முதலமைச்சரை நிமிர்ந்து பார்த்து "வீட்டுக்கு வாங்க" என்று சொல்லப் பள்ளிப் பிள்ளைகளால் முடிந்தது. நீ எந்தத் தெருவில் பிறந்திருந்தாலும் இதை மனத்தில் வை.

தனியாகப் பயமாக இருந்தால் கூட்டாகப் போ. கன்னியாகுமரி மாவட்டத்தில் தொடங்கிய குழந்தைகள் நாடாளுமன்றம் அப்படி வளர்ந்ததுதான். ஏறக்குறைய முப்பது வீடுகளுக்கு ஒரு நாடாளுமன்றம், அதில் பிள்ளைகளே பிரதமர், கல்வி அமைச்சர், சுகாதார அமைச்சர். கர்நாடகத்தில் குந்தாப்பூர் வட்டாரத்தில் வேலைக்குப் போன பிள்ளைகள் பீமா சங்கம் என்று தங்களுக்கொரு சங்கம் வைத்தார்கள், 1990களிலேயே மக்கள பஞ்சாயத்து நடத்தினார்கள். கன்னடத்தில் மக்களு என்றால் குழந்தைகள். பத்து ஆண்டு கழித்து, எல்லாக் கிராமங்களிலும் குழந்தைகளுக்கென்று கிராம சபை கூட்டும்படி அந்த மாநில அரசே ஆணையிட்டது. முப்பது பேர் கையெழுத்திட்ட மனுவில் யாரைத் தனியாகப் பிடித்து மிரட்டுவார்கள்?

ஒரு விஷயத்தை மட்டும் தனியே பிரித்துச் சொல்கிறேன், கவனமாகக் கேள். உன்னை யாராவது தவறாகத் தொட்டால், அடித்துத் துன்புறுத்தினால், கல்யாணம் செய்துவைக்கப் பார்த்தால், அதை மனுவாக எழுதிக் கூட்டத்தில் கொடுக்காதே, காணொளியாக எடுத்து ஊருக்குக் காட்டாதே. 1098க்குப் போன் செய். காசு வேண்டாம், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். பள்ளிச் சிக்கலென்றால் 14417 இருக்கிறது. அங்கே உன் பெயர் வெளியே வராமல் உன்னைக் காப்பது அவர்கள் கடமை.

இப்போது பெரியவர்களே, உங்களிடம் வருகிறேன்.

நவம்பர் 14 வந்தால் பிள்ளைகளுக்கு நேரு வேஷம் போட்டு மேடையேற்றுகிறீர்கள். அமைச்சர் வருகிறாரென்றால் வெயிலில் இரண்டு மணி நேரம் வரிசையில் நிறுத்தி, கையில் ரோஜாப்பூவைக் கொடுத்து, நீங்கள் எழுதிக் கொடுத்த வரவேற்புரையை ஒப்பிக்க வைக்கிறீர்கள். அமைச்சரும் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகிறார். ஒழுகும் வகுப்பறையைப் பற்றி அந்தப் பிள்ளை பேசிவிடக்கூடாது என்று முந்தின நாளே அதைப் பூட்டிவைக்கிறீர்கள். இது பிள்ளைகளின் குரலா? பிள்ளையின் வாயில் உங்கள் குரல்! ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 1989இல் வந்தது, இந்தியா 1992இல் அதை ஏற்றுக்கொண்டது. தன்னைப் பாதிக்கிற எல்லா விஷயத்திலும் தன் கருத்தைச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது அதன் 12ஆம் பிரிவு. 2002இல் ஐ.நா. பொதுச்சபையிலேயே பொலிவியாவிலிருந்து வந்த 13 வயதுப் பெண்ணும் மொனாக்கோவிலிருந்து வந்த 17 வயதுப் பெண்ணும் உலகத் தலைவர்கள் முன் நின்று பேசினார்கள். உங்கள் பள்ளி ஆண்டு விழா பொதுச்சபையைவிடப் பெரிதா?

2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் மூன்றில் ஒருவருக்கு மேல் 18 வயது நிரம்பாதவர். அத்தனை பேருக்கும் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாதவர் குறையை எந்தக் கட்சியும் தானாக வந்து கேட்காது. அவர்களிடம் இருப்பது வாய் ஒன்றுதான், அதையும் நீங்கள் பொத்தினால் எப்படி? ஆட்சியர்களே, சீருடையோடு ஒரு பிள்ளை உங்கள் முன் வந்து நின்றால், புகைப்படக்காரரை ஒரு நிமிடம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மனுவை முழுக்கப் படியுங்கள். முடியும் என்றால் எந்த நாளில் என்று சொல்லுங்கள், முடியாது என்றால் ஏன் என்று அந்தப் பிள்ளைக்குப் புரிகிற தமிழில் சொல்லுங்கள். அதோடு, மனு கொடுத்த பிள்ளையைப் பள்ளியில் யாரும் பழிவாங்கவில்லை என்பதை ஒரு மாதம் கழித்து விசாரியுங்கள்.

தம்பி, தங்கையே, மறுபடி உன்னிடம். நான் சொன்னவை எல்லாம் வென்ற கதைகள். தோற்றவையும் உண்டு, அவற்றை மறைத்தால் நான் உனக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். உத்தராகண்டைச் சேர்ந்த ரிதிமா பாண்டே ஒன்பது வயதில், 2017இல், பருவநிலை மாற்றத்தைத் தடுக்க அரசு போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனாள். 2019இல் மனு தள்ளுபடியானது. அதே ஆண்டு செப்டம்பரில் கிரெட்டா துன்பர்க் உள்ளிட்ட பிள்ளைகளோடு சேர்ந்து, மொத்தம் 16 பேர், ஐந்து நாடுகளின்மீது ஐ.நா. குழந்தை உரிமைக் குழுவிடம் முறையிட்டார்கள். 2021இல் அதையும் ஏற்கவில்லை, முதலில் அந்தந்த நாட்டு நீதிமன்றங்களுக்குப் போயிருக்க வேண்டும் என்றார்கள். ஆனால் அந்த முடிவிலேயே, ஒரு நாடு விடும் புகை எல்லை தாண்டி இன்னொரு நாட்டுப் பிள்ளையைப் பாதித்தால் அந்த நாடு பொறுப்பேற்க நேரிடும் என்று குழு எழுதி வைத்தது. மனு தோற்றது, அந்த வரி மிஞ்சியது. இனி வழக்குப் போடுகிறவர் யாராக இருந்தாலும் அந்த வரியைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.

2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் நின்று பேசிய வினிஷா உமாசங்கர், அப்போது நம் திருவண்ணாமலைப் பள்ளி மாணவி. தெருவில் இஸ்திரி போடுகிறவர் கரியைக் கொட்டுவதைப் பார்த்து, சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்த பெண். வெற்று வாக்குறுதிகளைக் கேட்டு எங்கள் தலைமுறைக்குக் கோபம் வருகிறது என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். அவள் சொன்னதால் உலகம் புகை விடுவதை நிறுத்திவிட்டதா? இல்லை. ஆனால் தன் தெருவில் பார்த்த கரித்தூளைப் பற்றிப் பேச அவள் பெரியவளாகும்வரை காத்திருக்கவில்லை.

பதில் வராமல் போவதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. "கிடைத்தது" என்றுகூட ஒருவரும் சொல்லமாட்டார்கள். அங்கேதான் பெரும்பாலானவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். 1982இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் சமந்தா ஸ்மித் என்ற பத்து வயதுச் சிறுமி, அணுகுண்டுப் போர் வந்துவிடுமோ என்று பயந்தாள். அப்போதுதான் சோவியத் தலைவராகியிருந்த ஆந்த்ரோபவுக்குக் கடிதம் எழுதச் சொல்லி அம்மாவிடம் கேட்டாள். நீயே எழுதேன் என்றார் அம்மா. (எவ்வளவு நல்ல அம்மா!) எழுதினாள். புதுப் பதவிக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, நீங்கள் போர் வேண்டும் என்பீர்களா, வேண்டாம் என்பீர்களா, வேண்டாமென்றால் அதைத் தடுக்க என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். அவள் கடிதத்தைச் சோவியத் நாளேடு பிராவ்தா வெளியிட்டது. ஆனால் அவளுக்குப் பதில் வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் பத்திரிகையில் வந்துவிட்டது என்று மகிழ்ந்துபோய் விட்டிருப்பார்கள். அவள் வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதருக்கு இரண்டாவது கடிதம் எழுதினாள், என் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்வாரா மாட்டாரா என்று. 1983 ஏப்ரலில் ஆந்த்ரோபவ் கையெழுத்திட்ட பதில் வந்தது. ஜூலையில் அந்த நாட்டுக்கே விருந்தாளியாகப் போனாள். முதல் கடிதத்தை எழுதியது அவளுடைய பயம். இரண்டாவது கடிதத்தை எழுதியதுதான் தன்னம்பிக்கை!

ஆகவே வருகிற திங்கட்கிழமை கிளம்பு. திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. முன்னாலேயே அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லி ஒருவரைக் கூட்டிக்கொள். வாசலில் போலீஸ்காரர் பையைத் திறந்து காட்டச் சொல்வார், பயப்படாதே, எல்லோரையும்தான் சோதிக்கிறார்கள். மரத்தடியில் மனு எழுதித் தருகிறேன் என்று கூப்பிடுவார்கள், போகாதே. உன் மனு உன் கையெழுத்திலேயே இருக்கட்டும், எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை. அதை ஒரு நகல் எடுத்துப் பையில் வைத்துக்கொள். மனுவைப் பதிவு செய்கிற இடத்தில் எண் போட்டு ஒப்புகைச் சீட்டுத் தருவார்கள், கேட்டு வாங்கு. உன் முறை வரும்போது ஆட்சியரின் முகத்தைப் பார்த்து முதல் வரியைச் சொல்: என் பள்ளியில் இத்தனை பேர், இதுதான் குறை, இந்த நாளுக்குள் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சீட்டை நோட்டில் ஒட்டி, காலண்டரில் முப்பதாம் நாளை வட்டம் போட்டு வை. அந்த நாள்வரை ஒன்றும் நடக்கவில்லையென்றால் இரண்டாவது மனுவை எடு. 'பொருள்' என்ற வரிக்குக் கீழே 'பார்வை' என்று ஒரு வரி சேர்த்து, முதல் மனுவின் எண்ணையும் நாளையும் அதில் எழுது.